இத்தாலியில் காலைச் சாப்பாடு, சுவிட்சர்லாந்தில் இரவுச் சாப்பாடு: கிராண்ட் கோல் ஃபெரே கணவாயைக் கால்நடையாகக் கடப்பது எப்படி

மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் வழியாக ஒரு நடைபாதை போகிறது. ஏறக்குறைய 170 கி.மீ. முழுதாகச் சுற்றி வர பத்துப் பதினொரு நாள் ஆகும். அவ்வளவு விடுப்பும் பயிற்சியும் எல்லோருக்கும் வாய்க்காது. ஒரே ஒரு நாள் நடந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, இத்தாலியின் பொனாட்டி மலைவிடுதியில் கிளம்பி, 2,537 மீட்டர் உயரத்தில் உள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாயைத் தாண்டி, சுவிட்சர்லாந்தின் லா ஃபூலி கிராமத்தில் இறங்கும் நாளைத்தான். கயிறு வேண்டாம், பாறையேற்றம் இல்லை, பாதை தெளிவானது. ஆனால் நீளமான நாள். சுமார் 20 கி.மீ. தூரம், ஓய்வு நேரத்தைச் சேர்க்காமலே ஆறரை முதல் ஏழு மணி நேரம் நடக்க வேண்டும்.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஊட்டியில் உள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைவிட இந்தக் கணவாய் 100 மீட்டர் தாழ்வு. மூச்சுத் திணறலெல்லாம் அநேகமாக வராது. ஆனால் இது வெப்பமண்டல மலை இல்லை. ஜூலை மாதத்திலும் மேலே காற்றடித்தால் விரல் விறைக்கும், ஜூன் கடைசிவரை பனித் திட்டுகள் கிடக்கும்.

எப்போது போவது

ஜூலை முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அதற்கு முன்னால் கணவாயின் சரிவில் பழைய பனி உறைந்து கிடக்கலாம். காலையில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும், புதியவர்களுக்கு அது வேலை இல்லை. செப்டம்பர் பாதிக்கு மேல் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2003இல் தொடங்கிய மோன் பிளாங்க் நெடுந்தூர ஓட்டப் போட்டி அந்த வாரத்தில்தான் நடக்கிறது. ஓட்டக்காரர்கள் இதே கணவாயைத்தான் தாண்டுகிறார்கள். பள்ளத்தாக்கில் படுக்க ஒரு கட்டில் கிடைப்பது அரிது.

தாள், காசு, கைபேசி

கணவாயில் சாவடி கிடையாது, காவலர் கிடையாது, முத்திரையும் கிடையாது. இத்தாலியும் சுவிட்சர்லாந்தும், ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் இருப்பவை. சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில் இதில் சேர்ந்தது. ஒரே ஒரு முறை நுழைவதற்கான விசா வைத்திருப்பவர்கள், கணவாயைத் தாண்டினால் விசா முடிந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். முடியாது. ஷெங்கனுக்குள் எத்தனை நாடு மாறினாலும் அது வெளியேறியதாகக் கணக்கில் வராது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்திடம் போக வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

சுவிட்சர்லாந்தில் வசிக்கும் நம்மவர்கள் இந்தப் பாதையைத் தலைகீழாக, லா ஃபூலியிலிருந்து இத்தாலிக்கு நடப்பதுண்டு. பி, சி (B, C) வதிவிட அனுமதி அட்டைக்காரர்கள் கடவுச்சீட்டையும் அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் போதும். தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர்களின் ‘எஃப்’ (F), புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்களின் ‘என்’ (N) அட்டைக்காரர்களின் கதை வேறு. ‘அண்ணா, மலை மேலால நடந்து போனா யார் பாக்கப் போறாங்க?’ என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் இதுதான்: மேலே யாரும் பார்க்கமாட்டார்கள். கீழே இத்தாலியப் பக்கத்து ஊரான கூர்மாயரின் பேருந்திலோ திரும்பி வரும் ரயிலிலோ பார்க்கலாம். ‘என்’ (N) அட்டையோடு வெளிநாடு போக முடியாது, ‘எஃப்’ (F) அட்டைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாள் நடைக்காகப் புகலிட வழக்கையே சிக்கலில் மாட்டாதீர்கள். சுவிஸ் பக்கத்துக்குள்ளேயே இதற்குச் சமமான பாதைகள் எத்தனையோ இருக்கின்றன.

யார் எந்த அட்டை வைத்திருந்தாலும் அசல் கடவுச்சீட்டு பையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப் பக்கத்து உள் அறையில். மழை வந்தால் முதலில் நனைவது மேல் அறைதான்.

எல்லையில் கண்ணுக்குத் தெரியாமல் மாறுகிற விஷயங்களில் செலவு வைப்பது கைபேசி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிட்சர்லாந்தைச் சட்டப்படி உள்ளடக்காது. இத்தாலியிலோ பிரான்ஸிலோ வாங்கிய சிம் கணவாயின் மேல் தானாகவே சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், பில் ஏறும். உங்கள் திட்டத்தில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். இல்லையென்றால் கணவாய்க்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் அரசின் நிலவரைபடத் துறையான சுவிஸ்டோப்போவின் செயலி இலவசம், எல்லைக்கு இத்தாலியப் பக்கத்தையும் ஓரளவு காட்டும்.

பணம் யூரோவிலிருந்து பிராங்குக்கு மாறும். பல சுவிஸ் விடுதிகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மீதியைப் பிராங்கில், அவர்கள் வைத்த விலையில் தருவார்கள். மலைமேல் கார்டு கருவி நெட்வொர்க் இல்லாமல் படுத்துவிடுவது சகஜம். இரண்டு நாணயத்திலும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மின்செருகியும் மாறும். இரண்டு உருண்டைக் கம்பியுள்ள மெல்லிய ஐரோப்பியச் செருகி இரண்டு நாட்டிலும் பொருந்தும்.

காப்பீடு: ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மலை மீட்பைச் சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் ஹெலிகாப்டர் மீட்பும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதும் விலக்கப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் இலவசம் இல்லை.

படுக்கை பதிவும் சாப்பாடும்

பொனாட்டி விடுதி 2,025 மீட்டரில் இருக்கிறது. வால்ட்டர் பொனாட்டி என்ற பெரிய இத்தாலிய மலையேறியின் பெயர். எதிரே 4,208 மீட்டர் உயர கிராண்ட் ஜோராஸ் சுவர் போல நிற்கும். அந்தக் காட்சிக்காகவே கூட்டம் அதிகம், மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. கீழே கூர்மாயரில் தங்கி, கோடைக்காலப் பேருந்தில் ஆர்னுவா வரை வந்து அங்கிருந்து தொடங்கலாம். உண்மையில் முதல்முறை நடப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நடையில் ஒன்றரை மணி நேரம் குறையும்.

மலைவிடுதியில் இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்துத்தான் பதிவு செய்வார்கள். சாப்பாடு ஒரே நேரத்தில், எல்லோருக்கும் ஒரே மெனு. சைவம் என்றால் பதிவின்போதே எழுதுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் முட்டை வந்துவிடும். முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். சோளமாவுக் களியான பொலென்டா அடிக்கடி வரும். சின்ன ஊறுகாய்ப் பாக்கெட் ஒன்று இருந்தால் அதன் தலைவிதி மாறும், வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள்.

நடைக்காலணியை வாசலிலேயே கழற்றி அடுக்கில் வைக்க வேண்டும். படுக்கைக்கு உறைபோல் தைத்த மெல்லிய துணிப்பை கட்டாயம், அது இல்லாமல் கம்பளிக்குள் படுக்க விடமாட்டார்கள். பத்து மணிக்கு விளக்கணைப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்காது, பவர் பேங்க் கொண்டு வாருங்கள். கூடாரம் போட்டுத் தங்கும் யோசனையை இந்த முறை விட்டுவிடுங்கள், இந்தப் பள்ளத்தாக்கில் கட்டுப்பாடுகள் அதிகம்.

பையில் என்ன

தண்ணீரோடு சேர்த்து ஏழு, எட்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் இரண்டையும் வீட்டில் விடுங்கள். பருத்தி நனைந்தால் காயாது, மேலே காற்றில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டி ஒரு செயற்கை இழைச் சட்டை, அதன் மேல் கம்பளியோ ஃபிளீஸோ, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். தொப்பி, மெல்லிய கையுறை ஆகஸ்டிலும் தேவை. வெயில் களிம்பு நம் நிறத்துக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள், பனித் திட்டிலிருந்து திருப்பி அடிக்கும் வெயில் மூக்கின் அடிப்பக்கத்தைக்கூட உரித்துவிடும்.

புதுக் காலணியோடு வராதீர்கள். குறைந்தது சில வாரம் அதே காலணியில், அதே காலுறையில், அதே பை கனத்தோடு ஊரில் நடந்திருக்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ஏறும்போது சற்றுக் குட்டையாக, இறங்கும்போது நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொறிக்கக் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் எந்தப் பொதியடைத்த ‘எனர்ஜி பார்’க்கும் குறைந்தவை இல்லை. குளிரில் பல்லை உடைக்காத அளவுக்கு இளம் பாகாக இருந்தால் நல்லது. தண்ணீர் இரண்டு லிட்டர். விடுதிகளிலும் ஆர்னுவாவிலும் நிரப்பிக்கொள்ளலாம். குழாயிலோ மரத்தொட்டியிலோ ‘நொன் பொட்டாபிலே’ என்றோ, பிரெஞ்சில் ‘நொன் பொட்டாபிள்’ என்றோ எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். மாடு மேயும் சரிவுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

நடக்கும் நாள்

முந்தைய இரவே விடுதிக்காரரிடம் மறுநாள் வானிலையைக் கேளுங்கள். கைபேசி செயலியைவிட அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். அவர் பார்ப்பது இந்த ஒரு பள்ளத்தாக்கின் வானம். கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். அதனால் கணக்கை மேலிருந்து கீழாகப் போடுங்கள்: பன்னிரண்டு மணிக்குள் கணவாயில் நிற்க வேண்டும், ஆகவே காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

பொனாட்டியிலிருந்து முதல் ஒன்றரை மணி நேரம் சுகமான நடை. மலைச்சரிவின் இடுப்பைச் சுற்றிப் போய், கடைசியில் 1,769 மீட்டரில் உள்ள ஆர்னுவாவுக்கு இறக்கம். இங்கே வேகமாக நடக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் இறக்கத்துக்கு முழங்காலை இப்போதிருந்தே சேமிக்க வேண்டும்.

ஆர்னுவாவில் பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இங்கிருந்து கணவாய் வரை 768 மீட்டர் ஏற வேண்டும். பையோடு புதியவர்கள் ஒரு மணி நேரத்தில் முந்நூறு மீட்டர் ஏறினால் நல்ல வேகம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் காலடியைக் குறுக்குங்கள், ஆனால் நிற்காதீர்கள். ஐம்பது காலடி ஓடி இரண்டு நிமிடம் நிற்கிறவரைவிட, மெதுவாக நிற்காமல் நடக்கிறவர் எப்போதும் முன்னால் போய்விடுவார்.

ஒரு மணி நேரத்தில் 2,062 மீட்டரில் எலெனா விடுதி வரும். காபி குடியுங்கள், கழிப்பறை போங்கள், தண்ணீர் நிரப்புங்கள். அதைவிட முக்கியம், முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். வானத்தைப் பாருங்கள், மணியைப் பாருங்கள், கூட வருபவர்களின் முகத்தைப் பாருங்கள். மேகம் கறுத்து மேலெழும்புகிறது, அல்லது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது, அல்லது யாருக்கோ கால் நோகிறது என்றால் திரும்பிவிடுங்கள். இங்கிருந்து ஆர்னுவா பேருந்து நிறுத்தம் ஒரு மணி நேர இறக்கத்தில் இருக்கிறது. கணவாய்க்குப் பின்னால் போய்விட்டால் அந்த வசதி இல்லை.

எலெனாவுக்குப் பின்னால் பாதை செங்குத்தாகிறது. வளைவு வளைவாக 475 மீட்டர், ஒன்றரை மணி நேரம், மெதுவாகப் போனால் இன்னும் கால் மணி. இடப் பக்கம் பிரே-தெ-பார் பனியாறும் அதற்கு மேலே மோன் டொலனும் தெரியும். மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் சிகரம் அது. இந்தச் சரிவின் மண் கருமையான மென்பாறைத் தூள். காய்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், மழை பெய்தால் வழுக்கும் கருஞ்சேறாகிக் காலணியோடு ஒட்டி வரும். அந்த நேரத்தில் பாதையின் நடுவை விட்டு, ஓரத்தில் புல்லோ கல்லோ இருக்கும் இடமாகப் பார்த்து மிதியுங்கள். ஆனால் பாதையை விட்டுக் குறுக்கே வெட்டிப் போகாதீர்கள், அடுத்த மழையில் அந்தக் குறுக்குவழி ஓடையாகிவிடும்.

எதிரே இறங்கி வருபவர்களைப் பார்த்தால் ஏறுபவருக்குத்தான் வழி. யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். ‘போன்ஜூர்’ ஒன்றே போதும். அவோஸ்தா பள்ளத்தாக்கில் இத்தாலியனோடு பிரெஞ்சும் ஆட்சிமொழி, அந்தப் பக்கத்துச் சுவிஸ் ஊர்களும் பிரெஞ்சு பேசுபவை. இரண்டு பக்கப் பள்ளத்தாக்குக்கும் பெயர்கூட ஒன்றுதான், வால் ஃபெரே. வரைபடத்தில் தேடும்போதும் விடுதி பதிவு செய்யும்போதும் எந்த நாட்டு வால் ஃபெரே என்று ஒருமுறை சரிபாருங்கள்.

வழியில் ‘பெட்டி கோல் ஃபெரே’ என்று இன்னொரு கணவாயின் பெயரும் வரைபடத்தில் தெரியும். உயரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பாதை செங்குத்து, கரடுமுரடு. ‘பெட்டி’ என்றால் பிரெஞ்சில் சின்னது, அதை நம்பிப் போய்விடாதீர்கள்.

எல்லையில்

மேலே வந்ததும் காற்று முகத்தில் அடிக்கும். வியர்த்த உடம்போடு நின்று படம் எடுக்கத் தொடங்கும் முன் ஜாக்கெட்டைப் போடுங்கள். அப்புறம் படம். நீங்கள் வந்த பக்கத்தில் உருகும் பனி டோரா ஆற்றில் சேர்ந்து, போ நதி வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. போகிற பக்கத்தில் உருகுவது மார்ட்டினி என்ற சுவிஸ் ஊரில் ரோன் நதியில் கலந்து பிரான்ஸ் வழியாகத் தெற்கே இறங்குகிறது. எல்லைக்கோடு இந்த நீர்ப்பிரிவின் மேல்தான் ஓடுகிறது, ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து நிற்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். நின்றுகொள்ளுங்கள்.

இங்கிருந்து வழிகாட்டிப் பலகை மாறும். இத்தாலியில் பாறைகளில் மஞ்சள் வண்ணக் குறிகளும் பாதை எண்ணும் பார்த்து வந்திருப்பீர்கள். சுவிஸில் மஞ்சள் பலகை, நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் அது மலைப்பாதை. பாறைகளிலும் அதே மூன்று பட்டை. பலகையில் தூரத்துக்குப் பதில் நேரம்தான் எழுதியிருக்கும், ஓய்வைச் சேர்க்காத நேரம். முதல் பலகை சொல்லும் நேரத்தையும் நீங்கள் உண்மையில் எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்ச நாளுக்கு அந்த விகிதத்தைப் பெருக்கிக்கொண்டால் எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேர்வீர்கள் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடி என்றால் சுமார் ஒரு கி.மீ. முப்பதுக்குள் இடி கேட்டால் படமும் வேண்டாம், மதியச் சாப்பாடும் வேண்டாம், உடனே இறங்குங்கள். ஊன்றுகோலை உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

இறக்கம்

கணவாய் வந்ததும் நாள் முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம். லா ஃபூலி 1,600 மீட்டரில் இருக்கிறது, இன்னும் 900 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், மூன்று மணி நேரம். முழங்கால் போவதும், விரல்நகம் கறுப்பதும், கணுக்கால் மடங்குவதும் இந்தப் பகுதியில்தான். இறங்கத் தொடங்கும் முன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டுங்கள். விரல் முன்னால் முட்டாது. முழங்காலை நீட்டி விறைப்பாக வைக்காமல் லேசாக மடித்து, குட்டைக் காலடியாக வையுங்கள். காலில் எங்காவது சூடாக உறுத்தினால் ‘ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் 2,071 மீட்டரில் லா பெல் வரும். கோடையில் மாடு மேய்ப்பவர்கள் இருக்கும் மலைப்பட்டி, நடப்பவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் உண்டு. பாதையை அடைத்து மாடுகள் நின்றால் குரல் கொடுத்துக்கொண்டே, கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், சுற்றி நடங்கள். பிரெஞ்சு, சுவிஸ் பக்கங்களில் ஆட்டு மந்தைக்குக் காவல் நாய் இருக்கலாம். நாய் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், கோலை ஓங்காதீர்கள், மெதுவாக மந்தையை விட்டு விலகுங்கள்.

லா பெல்லுக்குக் கீழே அகலமான வண்டிப்பாதை. சிறிய தேவாலயம் உள்ள ஃபெரே குடியிருப்பைத் தாண்டி, ஆற்றோரமாக லா ஃபூலி. இந்தக் கடைசி நடை சலிப்பூட்டும், அதை மறைத்துப் பயன் இல்லை.

ஆபத்து வந்தால்

இரண்டு நாட்டிலும் 112 வேலை செய்யும். லா ஃபூலி இருக்கும் வாலே மாகாணத்தில் மலை மீட்புக்கு 144. சுவிட்சர்லாந்தின் மற்ற இடங்களில் சொல்லப்படும் 1414 இங்கே முதல் எண் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி எடுக்கவில்லை என்றால் ஆல்ப்ஸ் முழுதும் தெரிந்த சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். ஹெலிகாப்டர் நெருங்கினால் இரண்டு கையையும் மேலே விரித்து ஒய் எழுத்துபோல் நின்றால் உதவி வேண்டும் என்று பொருள். வெறுமனே கையசைத்து வாழ்த்தாதீர்கள்.

லா ஃபூலியில் இறங்கிய பிறகு

தங்க விடுதிகளும் கூடார மைதானமும் உண்டு, சின்ன மளிகைக் கடையும் உண்டு. அன்றே கிளம்புவதானால் பேருந்தில் ஓர்சியேர், அங்கிருந்து ரயிலில் மார்ட்டினி. மார்ட்டினியிலிருந்து சுவிஸின் எந்த ஊருக்கும் போகலாம். மலைரயிலில் பிரான்ஸின் ஷாமொனிக்கும் போகலாம். உங்கள் பெட்டி கூர்மாயரில் இருந்தால், ஷாமொனியிலிருந்து 11.6 கி.மீ. நீள மோன் பிளாங்க் சுரங்கம் வழியாகப் பேருந்து இருக்கிறது. நடந்து ஒரே நாளில் வந்த தூரத்துக்கு வண்டியில் திரும்ப அநேகமாக அரை நாளுக்கு மேல் ஆகும். அதனால் பெட்டியை முன்கூட்டியே சுமை கொண்டுபோகும் சேவையிடம் கொடுத்து லா ஃபூலிக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது கையில் உள்ள பையோடு மட்டும் வாருங்கள்.

கடைசிப் பேருந்து சாயங்காலத்திலேயே போய்விடும், நேரம் கோடைக்கும் மற்ற மாதங்களுக்கும் வேறு. சுவிஸ் ரயில்வேயின் செயலியில் பேருந்தும் காட்டும். அதை இத்தாலியப் பக்கத்தில் நெட்வொர்க் இருக்கும்போதே பார்த்து, படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.